அறுபத்தொரு வீதத்தில் நின்ற மடிக்கணினி

அந்த மின்னஞ்சல் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. கொழும்பில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்ற ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்திருந்தேன். தகுதித் தேர்வுக்கு என்னைத் தெரிவு செய்திருப்பதாகவும் வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். தேர்வு வருகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய், காலை பத்து மணிக்கு. கடைசி வரியில் ஒரு நிபந்தனை இருந்தது. தேர்வுச் செயலி புதிய இயங்குதளத்தில் மட்டுமே வேலை செய்யும். பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும்.

என் மடிக்கணினியில் இருந்தது பழைய பதிப்பு.

எனக்குப் பார்வை இல்லை. பத்தொன்பது வயதில் மங்கத் தொடங்கி இருபத்து நான்கில் முழுதாகப் போனது. அதற்குள் எழுத்துகள் எல்லாம் மனதில் பதிந்துவிட்டிருந்தன. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும். பிறகு கொழும்பில் ஒரு விடுதியில் தங்கி ஆறு மாதம் கணினி படித்தேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. திரைவாசிப்பான் என்பார்கள். அதை வைத்துத்தான் என் வேலையெல்லாம். பழகப் பழகக் குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். இப்போது அது பேசுவது வீட்டில் வேறு யாருக்கும் புரியாது. "தகரத்துல ஆலங்கட்டி விழுற மாதிரி இருக்கு" என்பார் அண்ணன்.

நாங்கள் இருப்பது கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில். அண்ணன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அண்ணி பால்வெட்டுக்குப் போகிறார். நான் வீட்டிலிருந்து சின்னச் சின்ன மொழிபெயர்ப்புகள் செய்துவந்தேன். விண்ணப்பப் படிவங்கள், கடிதங்கள், கல்யாணப் பதிவுத் தாள்கள். நிரந்தரமான வேலை என்று ஒன்று கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மின்னஞ்சலை அண்ணனுக்குச் சொன்னேன்.

"டவுனுக்குக் கொண்டுபோய்க் குடுப்போமா?" என்றார்.

"வேணாம்ணே. இந்தத் தடவ நானே செய்றேன்."

"கண்ணு தெரிஞ்சவங்களே இதுக்கெல்லாம் கடைக்குத்தான் போறாங்க, தங்கச்சி."

"கண்ணு தெரிஞ்சவங்க செஞ்சு குடுத்ததத்தான் போன தடவ பார்த்தோமே."

இரண்டு வருடத்துக்கு முன் கணினி மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தோம். கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது அண்ணனுக்கு. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடலாம். "எல்லாத்தையும் புதுசா போட்டுட்டோம்" என்று திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் திரைவாசிப்பான் இல்லை, ஆறு மாதம் செய்த மொழிபெயர்ப்புகளும் இல்லை. அவற்றை யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. ஆனால் என்னிடம் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் முதல் வேலையாக என் கோப்புகள் எல்லாவற்றையும் பென்டிரைவில் பிரதி எடுத்து, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். பிறகு, கணினி புதிய பதிப்புக்குத் தகுதியானதா என்று சோதிக்கும் செயலியை ஓடவிட்டேன். ஒரு நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. தகுதியில்லை.

ஏன் என்று கீழே எழுதியிருந்தது. கணினிக்குள் பாதுகாப்புச் சில்லு ஒன்று இருக்க வேண்டும், அது இயங்கவும் வேண்டும். தொலைபேசியில் தேடினேன். என் மடிக்கணினி மாதிரியில் அந்தச் சில்லு இருக்கிறது; தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அணைத்து வைத்து அனுப்பியிருப்பார்கள். அதை முடுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவில்தான் சிக்கல். சில்லை முடுக்கும் இடம் இயங்குதளத்துக்கு வெளியே இருக்கிறது. கணினியைப் போட்டவுடன் ஒரு பொத்தானைத் தட்டி உள்ளே நுழைய வேண்டிய, அடிப்படை அமைப்புகளின் திரை அது. அங்கே திரைவாசிப்பான் கிடையாது. அந்த இடத்தில் நானும் கணினியும் இரண்டு ஊமைகள்.

என் தொலைபேசியில், கமராவைக் காட்டினால் எழுத்தை வாசித்துச் சொல்லும் செயலி இருந்தது. வெள்ளிக்கிழமை அதைக் கொண்டு முயன்று பார்த்தேன். திரையில் உள்ள சொற்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்பித்தது. ஆனால் அவற்றில் எந்தச் சொல்லில் வெளிச்சம் நிற்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அது தெரியாமல் எதையும் அழுத்துவது, இருட்டில் ஓடும் பஸ்ஸிலிருந்து குதிப்பது மாதிரி. ஒரு மனிதக் கண் வேண்டும்.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. அண்ணி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய், இன்றைக்கு வெட்டு இல்லை என்றதும் திரும்பி வந்தார். மழைக்குப் போர்த்திய கொங்காணிச் சாக்கை வாசலில் உதறும் சத்தம் கேட்டதுமே நான் கூப்பிட்டேன்.

"அண்ணி, எனக்கு ஒரு மணித்தியாலம் உங்க கண்ணு வேணும்."

"கண்ணா? எடுத்துக்க. ஆனா எனக்கு இங்கிலீசு வராது, பிள்ள."

"எழுத்து தெரியுமில்ல?"

"ஏ பி சி தெரியும். சேத்துப் படிக்க வராது."

"சேக்குறது என் வேல. நீங்க எழுத்த மட்டும் சொல்லுங்க."

அண்ணி எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தமிழும் சிங்களமும் சரளமாக வாசிப்பார். ஆங்கில எழுத்து தெரியுமே தவிர ஒரு சொல்லைக்கூட வாசித்ததில்லை. என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டார். நான் கணினியைப் போட்டு, குறிப்பிட்ட பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"வந்திருச்சு! நீலமா இருக்கு. மேல வரிசையா அஞ்சு சொல்லு. மொதல் சொல்லு மட்டும் வெள்ளக் கட்டத்துக்குள்ள."

"வெள்ளக் கட்டத்துல உள்ளதச் சொல்லுங்க."

"எம். ஏ. ஐ. என்."

மெயின். வலப்பக்க அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினேன். வெள்ளைக் கட்டம் அடுத்த சொல்லுக்குப் போனது. அண்ணி வாசித்தார், நான் கோத்தேன். இன்னொரு தட்டு.

"எஸ். ஈ. சி. யூ. ஆர்..."

"செக்கியூரிட்டி! போதும், போதும். இதுக்குக் கீழ என்னென்ன இருக்கு?"

கீழே ஏழு வரிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாகக் கேட்டோம். ஐந்தாவது வரியில் நான் தேடியது அகப்பட்டது. டி, பி, எம். அந்தச் சில்லின் பெயர். அதன் எதிரே டி, ஐ, எஸ், ஏ, பி என்று அண்ணி தொடங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அணைத்து வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே அணைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கீழ் அம்புக்குறியை எண்ணி எண்ணித் தட்டினேன். ஐந்தாவது வரி வந்துவிட்டது என்று நினைத்து, உள்ளே நுழையும் பொத்தானில் விரலை வைத்தேன்.

"இரு, இரு," என்றார் அண்ணி. "இது நாம பார்த்த சொல்லு இல்ல."

"டி பி எம் இல்லயா?"

"டி பி எம் கடேசில இருக்கு. ஆனா அதுக்கு முன்னுக்கு வேற என்னமோ போட்டிருக்கு. சி. எல். ஈ. ஏ. ஆர்."

விரலை எடுத்தேன். அது சில்லில் உள்ளதையெல்லாம் துடைத்துவிடும் வரி. என் கீழ் அம்புக்குறிப் பொத்தான் பழசாகி, ஒரு தட்டை இரண்டாக எடுக்கும். அப்படித்தான் ஒரு வரி கூடுதலாக இறங்கியிருக்கிறது. அண்ணிக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. ஆனால் முன்பு பார்த்ததும் இப்போது பார்ப்பதும் வேறு என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு மரத்தில் நேற்றைய வெட்டுக்குக் கீழே இன்றைய வெட்டைப் போடுகிறவர். வித்தியாசம் தெரியாத கண்ணா அது?

ஒரு வரி மேலே ஏறினேன். இந்தத் தடவை அண்ணி எழுத்தெல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்த பிறகுதான் அழுத்தினேன். சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. அதில் இரண்டு சொல். டி-யில் தொடங்குவதிலிருந்து ஈ-யில் தொடங்குவதற்கு மாற்றி, சேமித்து வெளியேறும் பொத்தானை அழுத்தினேன்.

"ஒய், ஈ, எஸ் னு கேக்குது."

"எஸ்!" என்றேன்.

"எஸ்!" என்றார் அண்ணியும். அவர் வாழ்க்கையில் சேர்த்து வாசித்த முதல் ஆங்கிலச் சொல் அதுதான் என்று பிறகு லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கணினி திரும்ப உயிர்பெற்றதும் சோதிக்கும் செயலியை மறுபடி ஓடவிட்டேன். தகுதி உண்டு என்றது திரைவாசிப்பான், அதே உணர்ச்சியில்லாத குரலில். நான் அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். தேநீர் அவர் மடியில் கொட்டியது.

அடுத்து, புதிய பதிப்பை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் தொலைபேசிச் சமிக்ஞை ஜன்னல் கட்டையில் மட்டும்தான் ஓரளவு கிடைக்கும். அதுவும் ஊர் விழிப்பதற்கு முன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும், அண்ணி வேலைக்குப் புறப்பட எழும்பும்போது நானும் எழும்பி, தொலைபேசியை ஜன்னலில் வைத்து, விட்ட இடத்திலிருந்து இறக்கினேன். செவ்வாய் காலையில் கடைசித் துண்டும் வந்து சேர்ந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அதைக் கணினியில் பதிய ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் பின்னேரம் ஆனால் இடி இடிக்கும், கரண்ட் போகும். அதனால் எல்லாம் நண்பகலுக்குள் முடிந்தாக வேண்டும். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். முதல் அரை மணித்தியாலம் திரைவாசிப்பான், நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தது. பிறகு கணினி தானாக அணைந்து எழும்பியது. அதற்குப் பிறகு குரல் கிடையாது, விசிறியின் இரைச்சல் மட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொலைபேசியைத் திரைக்குக் காட்டிக் கேட்டேன். நாற்பது. ஐம்பத்து மூன்று. அறுபத்தொன்று.

ஒன்பதரைக்கு அறுபத்தொன்று. பத்தே காலுக்கும் அறுபத்தொன்று. பதினொரு மணிக்கும் அதே அறுபத்தொன்று. நடுவில் அணைத்துவிடக் கூடாது என்று படித்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசிறி ஒரு கட்டத்தில் பெருமூச்சு விடுவதுபோல் நின்றது. கணினி மீண்டும் எழும்பியது. தொலைபேசியைக் காட்டினேன். செய்த மாற்றங்களையெல்லாம் பழையபடி ஆக்குவதாகத் திரையில் எழுதியிருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பழைய குரல் திரும்பி வந்து, பதிய முடியவில்லை என்று அறிவித்தது. காரணமாக நீளமான ஓர் இலக்கம் தந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு வாளி நிறையத் துணியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் விழும் பீலிக்குப் போய் எல்லாவற்றையும் அடித்துத் துவைத்தேன். அண்ணனின் காற்சட்டையில் ஒரு பொத்தான் தெறித்துப் போனது.

துணியை உலர்த்திவிட்டு வந்து, அந்த இலக்கத்தைத் தேடினேன். நூறு பேர் நூறு விதமாக எழுதியிருந்தார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: கணினியோடு இணைக்கும் ஏதோ ஒரு சாதனத்தின் பழைய மென்பொருள் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. எந்தச் சாதனம் என்று இலக்கம் சொல்லாது. ஆனால் பதியும்போது கணினி தான் செய்வதையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி, மறைவான ஓர் இடத்தில் வைத்திருக்கும் என்று ஒருவர் குறிப்பிட்டிருந்தார்.

வியாழக்கிழமை அந்தப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். ஆயிரக்கணக்கான வரிகள். பார்வையுள்ளவர்களுக்கு அது கண்ணைச் சோரவைக்கும் வேலை என்று அந்தத் தளத்திலேயே பலர் புலம்பியிருந்தார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. திரைவாசிப்பானின் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். நேரம், இலக்கம், கோப்பின் பெயர், சரி. நேரம், இலக்கம், கோப்பின் பெயர், சரி. இந்தத் தாளம் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே பருப்பு புடைத்தேன், கீரை ஆய்ந்தேன்.

கிட்டத்தட்ட முடியும் இடத்தில் தாளம் உடைந்தது. ஒரே பெயர், சரி என்ற சொல் இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தது. சுளகைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, தொலைபேசியில் தேடினேன். முன்பொரு காலத்தில் இணையத்துக்காகக் கணினியில் செருகி வைத்திருந்த டொங்கிளின் மென்பொருள் அது. டொங்கிள் கெட்டுப்போய் நான்கு வருடம் இருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டோம். அதன் மென்பொருள் மட்டும் வாடகை கொடுக்காத ஆள் மாதிரி உள்ளேயே குடியிருந்திருக்கிறது.

"பிடிச்சிட்டேன்!" என்று யாருமில்லாத வீட்டில் சத்தம் போட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து, "என்னா, பாம்பா?" என்று கேட்டார்கள்.

"டொங்கிள்!" என்றேன்.

அதை வேரோடு நீக்கினேன். செயலிகளின் பட்டியலிலிருந்து ஒரு தடவை, சாதனங்களின் பட்டியலிலிருந்து இன்னொரு தடவை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டாவது முயற்சி. அறுபதைத் தாண்டும்போது தொலைபேசியைத் திரைக்கு முன்னால் பிடித்தபடியே நின்றேன். அறுபத்தொன்று. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது, பல்லில் காற்றுப் பட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. எழுபது, எண்பத்தைந்து, நூறு. கணினி கடைசித் தடவையாக அணைந்து எழும்பியது. தொலைபேசி வரவேற்புச் சொல்லை வாசித்தது. கடவுச்சொல்லை அடித்தேன். இனிக் குரல் வர வேண்டும்.

வரவில்லை.

ஐந்து நிமிடம் காத்திருந்தேன். திரைவாசிப்பானை எழுப்பும் பொத்தான்களை அழுத்தினேன். கணினியோடு வருகிற இன்னொரு வாசிப்பானையும் எழுப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. விசிறி மெல்ல ஓடியது. வேலை செய்கிறது, ஆனால் பேசவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பயம் வந்தது. பார்வை போன நாட்களில் காலையில் கண்ணைத் திறந்ததும் வந்த அதே பயம். புதிய பதிப்பு வந்துவிட்டது, நான் அதற்கு வெளியே நிற்கிறேன்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தேன். குரல் இல்லையே தவிர, விசைப்பலகை இருக்கிறது. ஒலி அமைப்புகளின் பக்கத்தைத் திறக்கும் சொற்களை, கேட்காமலே அடித்து அழுத்தினேன். தொலைபேசியைக் காட்டினேன். மூன்றாவது முயற்சியில் தெளிவாக வாசித்தது: ஒலி வெளியிடும் சாதனம் எதுவும் காணப்படவில்லை.

திரைவாசிப்பான் சாகவில்லை. அது உள்ளே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு வாய்தான் இல்லை. பழைய ஒலி மென்பொருள் புதிய பதிப்போடு ஒத்துவராமல் போயிருக்கிறது. புதியதை இறக்க வேண்டும். ஆனால் அதைச் செய்யக் குரல் வேண்டும். குரலுக்கு அந்த மென்பொருள் வேண்டும். இந்தச் சுற்றை எங்கே உடைப்பது?

யூஎஸ்பி ஹெட்செட் ஒன்று இருந்தால் போதும் என்று பிற்பகலில்தான் தோன்றியது. அதற்குள்ளேயே தனி ஒலிச் சில்லு இருக்கும். என் சாதாரண இயர்போன்போலக் கணினியின் ஒலியை நம்பி இருக்காது. தார் றோட்டு வளைவில் குடியிருக்கும் சிங்கள அக்கா, வீட்டிலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை செய்கிறார். அவரிடம் இருக்கும்.

வெள்ளைக் கோலை எடுத்துக்கொண்டு நடந்தேன். வீட்டு நாய் குரைத்ததும் அக்கா வெளியே வந்தார்.

"மொக்கத நங்கி?" என்ன தங்கச்சி என்று கேட்டார்.

சிங்களத்திலேயே விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே உள்ளே போய் ஹெட்செட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "கெனியன்ன நங்கி, கெனியன்ன." எடுத்துக்கொண்டு போ என்றார். ஆறு மணிக்குத் தனக்கு வேலை தொடங்குகிறது, அதற்குள் வந்தால் போதும் என்றும் சொன்னார்.

அப்போது மணி நான்கு. நான் வீடு வந்து சேரவும் முதல் இடி இடித்தது. வேலையிலிருந்து வந்திருந்த அண்ணி, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல, வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார். கணினியினுடையதையும்தான்.

"இடி விழுந்தா எல்லாம் போயிரும் பிள்ள. செருக வேணாம்."

அவர் சொன்னது சரிதான். பழைய மின்கலம் நாற்பது நிமிடம் தாங்கும். ஹெட்செட்டைச் செருகி, காதில் மாட்டினேன். இரண்டு நொடி அமைதி. பிறகு குரல், ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து, தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற வேகத்தில் பாய்ந்து வந்தது. நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"வந்திருச்சா?" என்றார் அண்ணி.

தலையாட்டிக்கொண்டே கணினியை மடிக்கு இழுத்தேன்.

கொண்டாட நேரமில்லை. மின்கலம் முப்பத்து நான்கு வீதம் என்றது குரல். கணினியைத் தயாரித்தவர்களின் தளத்துக்குப் போய், என் மாதிரிக்கான புதிய ஒலி மென்பொருளைத் தேடி எடுத்தேன். மழையில் சமிக்ஞை வந்து வந்து போனது. அண்ணி தொலைபேசியை ஜன்னல் கட்டையில் இங்குமங்கும் நகர்த்திக்கொண்டு, "இப்ப? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இறக்கி முடித்தபோது பதினான்கு வீதம். பதிந்து முடித்தபோது ஒன்பது. கணினியை அணைத்து எழுப்பச் சொல்லிவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றினேன்.

அண்ணன் அப்போதுதான் நனைந்துகொண்டு உள்ளே வந்தார். நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் கணினியைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். புதிய பதிப்பின் வரவேற்பு இசை, நான் இதுவரை கேட்டிராத மெட்டு, கணினியின் சொந்த வாயிலிருந்து வந்தது. அதைத் தொடர்ந்து என் திரைவாசிப்பான் பேசியது.

"தங்கச்சி," என்றார் அண்ணன், "இத நீயே செஞ்சியா?"

"நானும் அண்ணியும்."

"எஸ்!" என்றார் அண்ணி.

மழை கொஞ்சம் விட்டதும் அண்ணன் குடை பிடிக்க, ஆறு மணிக்கு முன்பே போய் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை தேர்வு எழுதினேன். செயலி எந்த முணுமுணுப்பும் இல்லாமல் திறந்தது. இரண்டு பத்திகள். ஒன்று வைத்தியசாலை அறிவித்தல், மற்றது காணி பற்றிய சுற்றறிக்கை. காணிச் சுற்றறிக்கையில் ஒரு வாக்கியம் முக்கால் பக்கத்துக்கு நீண்டது. அதை மூன்றாக உடைத்துப் போட்டேன். பத்து நாளில் நிறுவனத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள்.

பேசிய அம்மணி கடைசியில் ஒன்று கேட்டார். "உங்களுக்கு அந்த அப்டேட் எல்லாம் சிக்கலில்லாமப் போச்சா? நாங்க எடுத்த இன்னொருத்தர் அதுல மாட்டிக்கிட்டு இருக்கார். தேர்வ வேற யாரோட கணினியிலயோ எழுதினாராம். வேலைக்கு அவரோடதே வேணும்."

"அவரோட நம்பரத் தாங்க," என்றேன்.

அவர் வவுனியாவில் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றார். மூன்று நாளாக முயல்வதாகச் சொன்னார். "என்ன செய்யிறது எண்டு தெரியேல்லைப் பிள்ளை. சிவப்பா என்னவோ வருது."

"சிவப்ப விடுங்க சேர். அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க."

வாசித்தார். எனக்கு வந்த பிரச்சினை அல்ல, வேறு ஒன்று. கணினியில் இடம் போதவில்லை. எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், எதை நீக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சரியாக ஒரு மணித்தியாலத்தில் பதிதல் தொடங்கியது. அன்று பின்னேரம் அவரே மறுபடி கூப்பிட்டார். நூறு வீதமும் முடிந்துவிட்டதாம். அவர் வீட்டில் யாரோ பின்னால் கைதட்டும் சத்தம் கேட்டது.

"நீங்கள் என்ன, கொம்பியூட்டர் எஞ்சினியரோ?" என்று கேட்டார்.

"இல்லங்க சேர்," என்றேன். "மொழிபெயர்ப்பாளர்."

அந்தச் சொல்லை என்னைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.